மூன்று மாணவர்கள் விட்டுப்போன விளையாட்டும் எங்கள் ஊர்க் குளமும்

2012-ம் வருடம். என் தங்கை பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு மடிக்கணினி கொடுத்திருந்தார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். நான் பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பண்பொழியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பையன் அந்தக் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் பச்சையும் நீலமுமாக ஒரு வரைபடம். அதில் சின்னச் சின்ன பொம்மைகள்.

"ஏலே, கவர்மெண்டு இதைப் படிக்கக் குடுத்தாங்களா, விளையாடக் குடுத்தாங்களா?" என்று ஒரு சத்தம் போட்டேன். முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தியவன் குரல் சும்மா இருக்குமா?

அவன் அசரவில்லை. "தாத்தா, இது நீங்க எடுத்த பாடம்தான். கி.மு. 4000-ல ஆரம்பிக்கும். ஆத்தங்கரையில ஊரைப் போட்டு, வாய்க்கால் வெட்டி, எழுத்து கண்டுபிடிச்சு, அப்படியே மேல வரணும். வந்து பாருங்களேன்" என்றான்.

பார்த்தேன். ராச்சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் சாப்பிட்டேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அந்த விளையாட்டின் பெயர் ஃப்ரீசிவ். சென்ற 2025 நவம்பரோடு அதற்கு முப்பது வயது. பையனும் 1995-ல் பிறந்தவன்தான். இருவருக்கும் ஒரே வயது என்பதால், அதன் வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கணினி விளையாட்டுக்கு என்ன வரலாறு என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

விளையாட்டு எப்படி?

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சதுரங்கம் போல, ஆடுபுலி ஆட்டம் போல, இது முறை வைத்து ஆடுவது. கைவேகம் தேவையில்லை, யோசனைதான் தேவை. என் வயதுக்கு அது வசதி. ஆரம்பத்தில் ஊர் அமைக்கும் குடியேறிகளும் வேலையாட்களும் நம் கையில் இருப்பார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி இருட்டாக இருக்கும். நல்ல இடமாகப் பார்த்து முதல் ஊரை அமைக்க வேண்டும். ஊரைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்து உணவு, உற்பத்தி, வணிகம் என்று மூன்று வருமானம் வரும். உணவு மிஞ்சினால் ஊர் வளரும். வணிகத்தில் வருவதை வரிக்கு எவ்வளவு, அறிவியலுக்கு எவ்வளவு, மக்களின் சுகபோகத்துக்கு எவ்வளவு என்று நாமே பங்கு பிரிக்க வேண்டும். மண்பாண்டம், வெண்கலம், எழுத்து, சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கற்று, கடைசியில் ஆல்பா சென்டாரி நட்சத்திரத்துக்கு விண்கலம் அனுப்புவது வரை போகலாம். அல்லது பக்கத்து நாட்டுக்காரனை அடித்து நொறுக்கலாம். பையன்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

மக்களுக்கு அதிருப்தி கூடினால் ஊரில் கலவரம் வந்து வேலை நின்றுவிடும். முடியாட்சியிலிருந்து குடியரசுக்கு மாறினால் நடுவில் சில சுற்றுகளுக்கு அராஜகம். கஜானா காலியானால், நாம் கட்டி வைத்த கட்டடங்களை விளையாட்டே விற்றுவிடும். இந்தக் கடைசி விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

டென்மார்க்கிலிருந்து பண்பொழிக்கு

டென்மார்க் என்றால் நமக்கெல்லாம் தரங்கம்பாடிதான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டியவர்கள், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதே டென்மார்க்கில் ஆர்ஹூஸ் என்று ஒரு பல்கலைக்கழகம். அங்கே கணினி அறிவியல் படித்த மூன்று மாணவர்கள்: பீட்டர் யுனோல்ட், கிளௌஸ் லெத் கிரெகர்சன், ஆலன் ஓவ கெல்ட்பியர்க்.

அப்போது உலகம் முழுக்கப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டிருந்த விளையாட்டு சிவிலைசேஷன். அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனத்துக்காக சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கியது, 1991-ல் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டும். தனியாக, கணினியோடுதான் ஆட முடியும். இந்த மூவருக்கும் எக்ஸ்பைலட் என்ற இன்னொரு விளையாட்டும் பிடிக்கும். அது விண்கலங்கள் சண்டை போடுவது. பல்கலைக்கழகத்தின் கணினிகளில் உட்கார்ந்து பலர் ஒரே நேரத்தில் ஆடலாம். இரண்டையும் சேர்த்தால் என்ன? ஒரு கணினி நடுவராக இருந்து கணக்கை வைத்துக்கொள்ளும், ஆடுகிறவர்கள் தங்கள் தங்கள் கணினியிலிருந்து அதனோடு பேசுவார்கள் என்ற அமைப்பில், நாகரிகம் வளர்க்கும் ஒரு விளையாட்டைத் தாங்களே எழுதிப் பார்த்தார்கள். 1995 நவம்பரில் தொடங்கி 1996 ஜனவரியில் ஆடக்கூடிய முதல் பதிப்பை வெளியிட்டார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அதன்பின் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஏப்ரல் வரை பிழைகளைத் திருத்தினார்கள். "நினைத்தது முடியும் என்று தெரிந்துவிட்டது, ஆனால் விளையாட்டு கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கிறது" என்ற எண்ணத்தில், மூவரும் தங்கள் எக்ஸ்பைலட்டுக்கே திரும்பிவிட்டார்கள்!

ஒரு கம்பெனியின் சரக்காக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. ஏனென்றால் அதை குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டிருந்தார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983-ல் தொடங்கிய இயக்கத்திலிருந்து வந்த உரிமம் அது. அதன் சாரம் இதுதான்: இந்த நிரலை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் படிக்கலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால், வாங்குகிறவருக்கும் இதே உரிமைகளைக் கொடுத்தாக வேண்டும். நீ குடித்த கிணற்றை மூடிவிட்டுப் போகாதே என்கிற மாதிரி.

அதனால் அந்த மூவர் போனதும் வேறு மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து வேறு நாட்டுக்காரர்கள். பிழை திருத்தினார்கள், படம் வரைந்தார்கள், தங்கள் மொழிக்குப் பெயர்த்தார்கள். 2005-ல் 2.0 பதிப்பு, 2022-ல் 3.0 பதிப்பு. ஆரம்பித்தவர்கள் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். பெயர் தெரியாதவர்கள் முப்பது வருடமாக வைத்திருக்கிறார்கள்.

இது எப்படி எங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்தது? எங்களுக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். கேரளப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ் வேரூன்றியது அதற்குப் பிந்திய வருடங்களில்தான். இந்தப் பக்கம், சென்னை சி-டாக் நிறுவனத்தார் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை 2007-ல் வெளியிட்டார்கள். டெபியன் என்ற கட்டற்ற தளத்தின் மேல், இந்திய மொழிகளுக்காகக் கட்டியது அது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எங்கள் பையனுக்குக் கிடைத்த கணினியில் விண்டோஸும் இருந்தது, பாஸும் இருந்தது. பலபேர் பாஸ் பக்கம் போனதே இல்லை. இவன் போயிருக்கிறான். டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் ஃப்ரீசிவ் எப்போதும் உண்டு. யாரிடமோ டேட்டா கார்டை இரவல் வாங்கி இறக்கிக்கொண்டான். செலவு அந்த இணையக் காசு மட்டும்தான்.

ஆர்ஹூஸில் மூன்று பேருக்குச் சலித்துப்போன ஒன்று, பதினாறு வருடம் கழித்துப் பண்பொழியில் ஒரு கிழவனுக்குச் சாப்பாட்டை மறக்கடித்தது.

நான் சறுக்கிய கதை

இந்த இடத்தில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். சிவிலைசேஷன் விளையாட்டைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. அதில் காந்திதான் இந்தியாவின் தலைவர். அவருடைய ஆக்ரோஷ மதிப்பை மிகக் குறைவாக, ஒன்று என்று வைத்தார்களாம். இந்தியா ஜனநாயகத்துக்கு மாறியதும் அதிலிருந்து இரண்டு கழிந்ததாம். கணினிக்கு அந்த இடத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே எண்ணத் தெரியாததால் அது சுற்றிக்கொண்டு 255 ஆகி, காந்தி எல்லோர் மேலும் அணுகுண்டு போட ஆரம்பித்துவிட்டாராம்.

அருமையான கதை இல்லையா? ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசக் கூப்பிட்டபோது இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். பிறகு பார்த்தால் அது நடக்கவே இல்லை. சிட் மையரே 2020-ல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில், முதல் விளையாட்டில் அப்படி ஒரு பிழை கிடையாது என்று எழுதிவிட்டார். 2010-ல் வந்த ஐந்தாவது பதிப்பில்தான் காந்திக்கு அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றே வைத்தார்களாம். கதையை யாரோ பிறகு கட்டி, அது உலகம் சுற்றிவிட்டது.

வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், "கல்வெட்டு இருக்கா? செப்பேடு இருக்கா? இல்லன்னா அது கதைலே" என்று. எனக்கே அது மறந்துபோனது. ஃப்ரீசிவ் போன்ற ஒன்றில் இந்த ஆபத்து குறைவு. சந்தேகம் வந்தால் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்தே பார்த்துவிடலாம். அதுவே அதன் கல்வெட்டு.

விளையாட்டுக்குத் தெரியாத குளம்

ஆடத் தொடங்கிய சில நாளில் ஒரு விதி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு நிலத்துக்கு நீர்ப்பாசனம் செய்ய வேண்டுமானால், அதற்கு அடுத்த கட்டத்தில் ஆறோ ஏரியோ கடலோ இருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே பாசனம் பெற்ற நிலம் இருக்க வேண்டும். அதாவது தண்ணீர் வயலிலிருந்து வயலுக்குத்தான் போகும். மேல்வயல்காரன் விட்டால்தான் கீழ்வயல்காரனுக்கு. கடல்தண்ணீரை வைத்து எப்படி வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள் என்று கேட்காதீர்கள், அது அவர்கள் ஊர்ப் பிழை. மற்றபடி எங்கள் ஊரில் ஒவ்வொரு கார் சாகுபடியிலும் வரப்பில் நடக்கும் சண்டையை யாரோ டென்மார்க்கில் உட்கார்ந்து எழுதிய மாதிரி இருந்தது.

ஆனால் இன்னொன்று உறுத்தியது. இதில் குளம் இல்லை. தானியக் களஞ்சியம் உண்டு, ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் கட்டுவாய்க்கால் உண்டு, துறைமுகம் உண்டு, பிரமிடு உண்டு. மழைத்தண்ணீரைக் கரை போட்டு நிறுத்தி வைக்கும் குளம் மட்டும் இல்லை.

எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். திருமலைக்கோவில் படி ஏறி மேலே நின்று கிழக்கே பார்த்தால், வயலும் தென்னந்தோப்புமாக விரிந்து கிடக்கும். நடுநடுவே கண்ணாடித் துண்டுகள் மாதிரி குளங்கள். ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். பைம்பொழில் என்ற பெயர்தான் பண்பொழி ஆனது என்பார்கள். அந்தப் பசுமைக்கு மலை பாதிக் காரணம், குளம் பாதிக் காரணம். மேக்கரையில் அனுமன் நதிக்குக் குறுக்கே 132 அடி உயர அடவிநயினார் அணை வந்தது நம் காலத்தில். அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை இந்தக் குளங்களை நம்பியே பிசானம் அறுத்தது!

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரி, குளங்கள் இருப்பதாகக் கணக்கு. வருடம் முழுக்க ஓடும் ஆறுகள் அரிதான நாட்டில், நாகரிகம் என்பதே கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தி வைப்பதுதான். "இது இல்லாம என்னலே நாகரிகம்?" என்று பையனிடம் கேட்டேன்.

"இல்லன்னா சேத்துக்கிடலாம் தாத்தா" என்றான், கடையில் உப்பு வாங்கி வருகிறேன் என்கிற மாதிரி.

விளையாட்டின் விதிகளெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருந்தன. திறந்தால் படிக்கலாம். துறைமுகம் என்ற கட்டடத்துக்கு, கடல் கட்டங்களில் உணவு ஒன்று கூடும் என்று எழுதியிருந்தது. அந்த வரிகளைப் படி எடுத்தான். கடல் என்று இருந்த இடத்தில் சமவெளி என்று மாற்றினான். பெயர் இருந்த இடத்தில் 'குளம்' என்று தமிழிலேயே அடித்தான். படம் வரைய அவனுக்கு வராது, அதனால் துறைமுகத்தின் படமே இருந்துவிட்டது. மறுநாள் ஆடும்போது எங்கள் நகரங்களில் குளம் வெட்டலாம் என்று பட்டியலில் வந்தது. எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. வயதானால் இப்படித்தான்.

"சும்மா வெட்டுனா போதுமாலே? வருஷா வருஷம் தூர் வார வேண்டாமா?"

"அதுக்குத்தான் பராமரிப்புச் செலவு இருக்கு தாத்தா. ஒரு சுத்துக்கு ஒரு பொன் போட்டிருக்கேன்."

"ரெண்டு போடு" என்றேன். போட்டான்.

அன்று ராத்திரி பக்கத்து நாட்டோடு சண்டை வந்தது. பையன் படைக்கு மேல் படை சேர்த்தான். கஜானா வற்றியது. நான் முன்னால் சொன்னேனே, அந்த விதி வேலை செய்தது. காசில்லை என்று விளையாட்டு எங்கள் குளத்தை விற்றுவிட்டது. அடுத்த சில சுற்றுகளில் அந்த ஊர் பட்டினியில் சுருங்கியது. சண்டையில் ஜெயித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பராமரித்தவர்கள் வரலாறு

அன்றைக்குப் படுக்கையில் தூக்கம் வரவில்லை. முப்பத்து மூன்று வருடம் நான் நடத்திய பாடம் கண் முன்னால் வந்தது. யார் கட்டினார், எந்த ஆண்டு கட்டினார். ஐந்து மதிப்பெண் கேள்வி. அதற்குப் பிறகு ஆயிரம் வருடம் அதை யார் காப்பாற்றினார்கள் என்று ஒரு தரம்கூட நான் கேள்வித்தாளில் கேட்டதில்லை.

விடை இல்லாமல் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில், ஊர்ச்சபையின் வாரியங்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கும் முறை விரிவாக இருக்கிறது. அதில் ஏரி வாரியம் என்று தனியாகவே ஒன்று. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு குழு, அதுவும் வருடத்துக்கு வருடம் மாறும் குழு. நான் அந்தப் பாடத்தை நடத்தும்போது குடவோலையைத்தான் விளக்குவேன். ஏரியைத் தாண்டிப் போய்விடுவேன்.

பிற்காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். மழைக்கு முன்னால் ஊரார் கூடி வாய்க்கால் வெட்டி, மடையைச் சரிபார்த்து, கரையில் மண் போடுவது. ஆங்கில அரசு 1858-ல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டு, வராதவர்களுக்குத் தண்டம் என்றது. தானாக நடந்துகொண்டிருந்த காரியத்துக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றாலே அது தளர ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

அந்தச் சட்டம் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. அப்போது நாங்கள் திருவிதாங்கூர். செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. ஃப்ரீசிவ் விளையாட்டில் இரண்டு நாடுகள் உடன்படிக்கை போட்டு ஒரு நகரத்தையே கைமாற்றிக்கொள்ளலாம். அந்த நகரத்துக்காரர்களை யாரும் கேட்பதில்லை. இங்கே மக்கள் தாங்களே கேட்டார்கள். தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க நேசமணி போன்றவர்கள் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகுதான் கன்னியாகுமரி மாவட்டமும் வந்தது, நாங்களும் வந்தோம்.

ஆட்சி மாறியது, எல்லை மாறியது. ஆனால் வாய்க்கால் வெட்டுக்கு என் அப்பா போனது அந்த வருடமும் மாறவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் விடியலில் போவதும், சேறு காய்ந்த காலோடு மத்தியானம் திரும்பி வந்து கஞ்சி கேட்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்த ராஜா, எந்த மந்திரி என்று அவர் பேசிக் கேட்டதில்லை. "மடை அடைச்சிருக்கா, தொறந்திருக்கா" என்பதுதான் அவருக்குத் தெரிந்த அரசியல்.

நான் போனதில்லை. படித்துவிட்டேன், வேலைக்குப் போய்விட்டேன். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து மண்வெட்டி போகவில்லை. கூலிக்கு ஆள் அனுப்பினோம், அப்புறம் காசு கொடுத்தோம், அப்புறம் யாரும் கேட்கவும் இல்லை. இதை எந்த அரசு மீதும் நான் போட முடியாது.

விளையாட்டில் குளத்தை விற்றது நிரல். வெளியே நாமே விற்றோம். சென்னையில் மாம்பலத்துப் பெரிய ஏரி 1920-களில் தியாகராய நகர் ஆனது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது நல்ல விஷயம்தான். ஆனால் பெயரில் உள்ள 'குடி' நாம்தானே? நாம் எங்கே போனோம்?

அந்தக் கோணத்தில் பார்க்கும்போது ஃப்ரீசிவ் எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. முப்பது வருடமாகச் சம்பளம் இல்லாமல், யாரோ எழுதி வைத்த நிரலில் யார் யாரோ தூர் வாருகிறார்கள். வாய்க்காலில் அடைப்பு என்றால் ஒருவர் வந்து எடுக்கிறார். அவர் ஓய்ந்தால் இன்னொருவர். அதற்கு வழி விட்டது அந்த மூன்று மாணவர்கள் செய்த ஒரே ஒரு காரியம்: போகும்போது கதவைப் பூட்டாமல் போனார்கள்.

பையனுக்கு இப்போது முப்பது வயது. பெங்களூரில் மென்பொருள் வேலை. சென்ற தீபாவளிக்கு வந்தபோது இருவரும் குளத்துக்கரை வழியே நடந்தோம். ஒரு பக்கம் முழுக்க ஆகாயத்தாமரை. மடைப்பக்கம் பிளாஸ்டிக் பைகள் அடைத்திருந்தன. அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, ஒரு குச்சியால் இழுத்துப் போட்டான். கால் மணி நேரம். தண்ணீர் கொஞ்சம் சத்தம் போட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது.

"ரெண்டு பொன் கணக்குல எழுதிக்கோங்க தாத்தா" என்றான்.

நான் கரையிலேயே நின்றுகொண்டிருந்தேன். முழங்கால் வலி என்று ஒரு சாக்கு இருக்கிறதே!

அந்தப் பழைய அரசு மடிக்கணினி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பேட்டரி போய்விட்டது, மின்சாரம் இருந்தால் ஓடும். 'குளம்' இருக்கும் அந்த விதிக் கோப்பும் அப்படியே இருக்கிறது. வீட்டில் பழைய கணினி சும்மா கிடக்கிறது, பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள் என்றால் ஃப்ரீசிவ் போட்டுக் கொடுங்கள். முதல் ஊரை ஆற்றங்கரையில் அமைக்கச் சொல்லுங்கள். கஜானாவில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுங்கள்.

அடுத்த பதிவில் 1904-ல் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் வந்த கதையை எழுதுகிறேன்.